மெயிலுக்காகத் திறந்த மாடி

சுபுஹு பாங்கு சொல்லி முடித்து, தெரு விளக்கை இன்னும் அணைக்காமல் இருக்கும் வேளையில் சிமெண்டுத் தரையை நகங்கள் கீறிக்கொண்டு போகும் அந்தச் "சர்ர்" சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அடுக்களையில் கிளம்பும் அந்தச் சத்தம் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கூடத்தில் படுத்திருக்கும் என் வயிற்றில் ஒரு மிதி மிதித்து, வாசல் அறைக் கதவில் முட்டி, வந்த வழியே திரும்பிப் போகும். போகிற போக்கில் தண்ணீர்ச் செம்பு ஒன்று உருளும், மூடி ஒன்று தரையில் சுழன்று சுழன்று ஓயும். முற்றத்தில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருக்கும் அத்தா, "மெயிலு போயிருச்சு, எந்திரிங்க" என்பார். திண்டுக்கல்லில் அப்போதெல்லாம் கைக்கடிகாரம் கட்டியவர்கள் குறைவு. மெயில் ரயில் போகிற சத்தத்தை வைத்துத்தான் அடுப்பு மூட்டுவதும் கடை திறப்பதும். எங்கள் வீட்டிலோ ஒரு பூனையே ரயிலாக ஓடியது. அதனால் அதற்கு மெயிலு என்றே பெயராகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. அத்தாவுக்குத் தோல் வியாபாரம். அவருடைய சரக்குக் "கிட்டங்கி"யில் ஆட்டுத்தோல்களைக் கட்டுக்கட்டாகக் கூரை முட்ட அடுக்கி வைத்திருப்பார்கள். எலி கடித்தால் தோலுக்கு விலை இல்லை என்பதால் அங்கே எப்போதும் பூனைகள் உண்டு. செம்பட்டை நிறத்தில், வால் நுனி மட்டும் வெள்ளையாக இருந்த இந்தக் குட்டி அங்கேதான் பிறந்தது. கட்டுக்குக் கட்டு தாவி, எலி துரத்தி, நாளெல்லாம் ஓடியே வளர்ந்த ஜீவன். பக்கத்துத் தெரு நாய்கள் அதன் தாயைக் கடித்துப் போட்ட பிறகு, அத்தா அதைத் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

அந்த வருஷம்தான் நானும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தேன். எட்டாம் வகுப்புப் பாதியில் "பெரியவளாகி"விட்டேன். எங்கள் வீடுகளில் அதற்கப்புறம் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கடைவீதி கிடையாது, வாசல்படி கிடையாது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, புதுப் பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்தார்கள், நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார்கள். அதற்கு மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான், "எங்க போற?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு, கல்யாணமாகிப் போகும்வரை நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் வீடு நீளமாக, ஒடுக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கோத்த வீடு. நடுவில் முற்றம், அதற்கு மேலே இரும்புக் கம்பி. வானமே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மாடிப்படி ஒன்று இருந்தது. அதன் கதவில் எங்கள் ஊர்ப் பூட்டு ஒன்று தொங்கியது. மாடியில் நின்றால் தெருவுக்குத் தெரியும் என்பதால் சாவியை அத்தா தன் இடுப்பு வாரிலேயே வைத்திருந்தார்.

மெயிலுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வாசல் கதவு ஒரு சாண் திறந்தால் போதும், வெளியே பாய்ந்துவிடும். அப்படிப் பாய்ந்த ஒரு நாள், பக்கத்து வீட்டுக் காதர் மாமு வளர்த்த புறா ஒன்றைப் பிடித்துவிட்டது. அதுவும் சாதாரணப் புறா இல்லை. ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்கும் "கர்ணப்புறா". காதர் மாமு அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, புறாக்கள்தான் எல்லாம். செத்த புறாவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து அத்தாவின் எதிரே நின்றார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், போடவில்லை.

"மச்சான், ஒங்க மொகத்துக்காக இந்த ஒரு தடவ விடுறேன். இன்னொரு தடவ வந்துச்சுன்னா சாக்குல கட்டிக் கொடைரோட்டுல கொண்டு போயி விட்ருவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். நான் கதவுக்குப் பின்னால் மெயிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் முழங்கையைப் பிறாண்டிக்கொண்டு நழுவி ஓடியது. அவர் போன பிறகு அத்தா யோசித்துவிட்டு, கழுத்துக்கு ஒரு வார் போட்டுத் தூணில் கட்டிவிடலாம் என்றார். தோல்காரருக்கு எல்லாவற்றுக்கும் வார்தான் வைத்தியம். அம்மா உடனே மறுத்துவிட்டாள். ஒரு பெண், தன் பூனையைக் கட்டிப்போட்டுச் சோறும் போடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்து அதனாலேயே நரகத்துக்குப் போன கதையைக் கேட்காத பிள்ளை எங்கள் வீடுகளில் இல்லை. அம்மா அதைக் கதையாக வைத்திருக்கவில்லை, பயமாகவே வைத்திருந்தாள். "சோறு போட்டாலும் கட்டிப்போட்டது கட்டிப்போட்டதுதான். அந்தப் பாவம் இந்த வீட்டுக்கு வேணாம்" என்றாள்.

கட்டவும் கூடாது, வெளியே விடவும் கூடாது. அப்படியானால் நாள் பூராவும் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்று அத்தா கேட்டார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "அதான் பாத்து வீட்டுலயே கெடக்காள்ல" என்றாள்.

பாத்து என்பது நான்தான். பாத்திமா. அம்மா குத்திக்காட்டச் சொன்னதில்லை. உலை கொதிக்கிறது என்பதைப் போல, இருப்பதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், இப்போது ஒரு பூனைக்குக் காவல்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. கையையே ஆட்டி விளையாட்டுக் காட்டினேன்; அது கையையே இரையாக நினைத்துக்கொண்டது. முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கீறல். அம்மாவுக்கு ரத்தத்தைவிடத் தழும்பைப் பற்றித்தான் கவலை. "பொண்ணு பாக்க வர்றவுக கையப் பாக்க மாட்டாகளா" என்று மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். பிறகு தையல் நூலில் பஞ்சைக் கட்டி இழுத்துக் காட்டினேன். மெயிலு பஞ்சையும் நூலையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது, வாயில் விரலை விட்டு வெளியே இழுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றோடு நூல், ஊசி, பொத்தான் எல்லாம் தகர டப்பாவுக்குள் போயின. முற்றத்துக் கிணற்றுக்குப் பலகை மூடி இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அதை இழுத்து மூடுவேன். அடுப்பில் கங்கு இருந்தால் அடுக்களைக் கதவைச் சாத்துவேன்.

கிட்டங்கிக்காரர் வீட்டில்தான் நடக்கும் என்று சொல்லத்தக்க ஒரு தப்பும் நடந்தது. என் பாட்டைப் பார்த்து மனம் இரங்கிய அத்தா, ஒருநாள் கிட்டங்கியிலிருந்து ஆட்டுவால் துண்டு ஒன்றை மடியில் முடிந்துகொண்டு வந்தார். முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பார்க்க அசல் எலியேதான். மெயிலுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கி எறிந்து பிடித்து, கட்டிப் புரண்டு, கடைசியில் மூலையில் வைத்து மெல்லத் தொடங்கியது. அத்தா பெருமையாகச் சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பூனையின் வாயில் நுரை கட்டியது, கால் மடங்கியது. பச்சைத் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க விஷமருந்து கரைத்த தண்ணீர் தெளித்துக் காயப்போடுவார்கள். நாள் முழுக்க அந்தத் தோலையே புரட்டுகிற மனிதர், அந்த நேரம் அதை மறந்துவிட்டார். ஆள் விட்டுச் சொன்னதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். ஈரத் துணியால் அதன் வாயையும் நாக்கையும் துடைத்துத் துடைத்து எடுத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், அன்று கடைக்குத் திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "புத்தி கெட்டுப் போச்சே."

பிழைத்துக்கொண்டது. மறுநாள் பால் குடித்தது, அதற்கு மறுநாள் பானையை உடைத்தது. அதன்பிறகு அத்தா கொண்டுவந்ததெல்லாம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமான தோலின் வெட்டுத்துண்டுகள். அதையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்துத்தான் என் கையில் தருவார். ஒரு துண்டைக் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, விழுங்க முடியாதபடி முடிச்சாக்கி, நீண்ட வாரின் நுனியில் கட்டி, வாரை ஒரு மூங்கில் குச்சியில் இறுக்கினேன். குச்சியின் முனை கண்ணில் பட்டுவிடாமல் இருக்கத் துணி சுற்றினேன். தரையோடு இழுத்தால் எலி, மேலே சுண்டினால் குருவி. நடுநடுவே அதைப் பிடிக்கவும் விட வேண்டும். ஒன்றுமே அகப்படாவிட்டால் அதற்குக் கோபம் வந்து என் காலைக் கடிக்கும். ஆட்டம் முடிந்ததும் குச்சியைப் பரணில் போட்டுவிட்டு, உடனே சோறு வைக்க வேண்டும். ஓடி, பிடித்து, தின்றால்தான் நக்கிச் சுத்தம் செய்துகொண்டு படுக்கும். சோற்றை முதலில் வைத்தால் ஓட்டம் தூக்க நேரத்துக்குத் தள்ளிப்போய், நம் வயிற்றின்மேல் நடக்கும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பொழுது போகாமல் கிடக்கிறவளுக்குப் பூனையைப் பார்ப்பதைத் தவிர வேறு பாடம் இல்லை.

இருந்தும் முற்றம் போதவில்லை. நாலு தாவலில் சுவர் வந்துவிடும். ஊறவைத்த அரிசிக்குள் விழுந்தது, எண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்தது, கடைசியில் வாசல் கதவடியில் உட்கார்ந்து கீறத் தொடங்கியது. அது கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளின் சத்தம் கேட்கும். என் வகுப்புப் பிள்ளைகளின் குரலும் அதில் இருக்கும். எழுந்துபோய்ப் பூனையைக் கதவிலிருந்து பிய்த்து எடுத்து உள்ளே கொண்டுவருவது என் வேலை. சில நாட்கள் அதைத் தூக்கும்போது எனக்கே அழுகை வந்துவிடும். அது எதற்கு என்று அம்மாவிடம் சொல்லவும் தெரியாது.

ஒரு மாலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மெயிலு கதவைக் கீறிக்கொண்டிருந்தது. "பாவம், வாயில்லா ஜீவன், அடைபட்டுக் கெடக்கு" என்றாள் அம்மா.

"பூனைய அடைச்சா மட்டுந்தாம்மா பாவமா?" என்றேன்.

தலையில் அம்மாவின் கை நின்றது. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி, எழுந்து போய்விட்டாள். அடி விழுமோ என்றுகூட நினைத்தேன். ஒன்றும் விழவில்லை.

மறுநாள் அத்தா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா வெஞ்சனத்தை வைத்துவிட்டு மாடிச் சாவியைக் கேட்டாள். பூனைக்கு ஓட இடம் இல்லை, இப்படியே போனால் அது ஒருநாள் கதவைத் தாண்டிக் காதர் தம்பி சாக்குக்குள்தான் போகும், சாயங்காலம் கொஞ்ச நேரம் மாடியில் விட்டால் அடங்கும் என்றாள். கூட யார் போவது என்று அத்தா கேட்டார். "பூனையப் பாத்துக்குறவதான் போவா" என்றாள் அம்மா. அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கைப்பிடிச் சுவர் தாழ்வு, பக்கத்து மாடியில் புறாக்கூண்டு, தெருவில் ஆள் நடமாட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். காதர் மாமு புறாக்களை இறக்கிக் கூண்டை அடைத்த பிறகு போய், பொழுது சாயும்போது சொல்லும் மஹ்ரிபு பாங்குக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டிப் பழைய போர்வைகளைத் தொங்கவிடலாம். பூனைக்குப் புறா தெரியாது. அந்தப் போர்வைகள் வேறு எதை மறைக்கும் என்பதை இருவருமே சொல்லவில்லை.

சுவர் தாழ்வுக்கு மட்டும் அத்தாவே வழி கண்டார். கழுத்தில் வார் போட்டால் தாவும்போது நெரிக்கும். நெஞ்சையும் முதுகையும் சுற்றி, காளைக்குப் பூட்டுகிற மாதிரி, குட்டியாட்டுத் தோலில் மெத்தென்று ஒரு கச்சை தைத்து, அதில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும் என்பதால் கட்டிப்போட்ட பாவம் இல்லை என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள். மெயிலு ஒப்புக்கொள்ளவில்லை. கச்சையை மாட்டிய உடனே மய்யித்து மாதிரி விறைத்துப் பக்கவாட்டில் விழுந்து, கண்ணை மட்டும் உருட்டியது. நெத்திலிக் கருவாட்டைக் காட்டிக் காட்டி, முதலில் கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று வீட்டுக்குள்ளேயே பழக்கிய பிறகுதான் மாடி ஏறினோம்.

காற்று. முதலில் அதுதான். கம்பிக் கட்டம் இல்லாத வானம் எவ்வளவு பெரிது என்பதை மறந்தே போயிருந்தேன். போர்வைகளின் இடைவெளியில் ஒரு பக்கம் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் பழுத்துக் கிடந்தது, இன்னொரு பக்கம் சிறுமலை நீலமாக நின்றது, ஸ்டேஷன் பக்கம் எஞ்சின் புகை எழும்பியது. மெயிலு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு ஓடியது; கயிறு இழுத்த இழுப்பில் நானும் ஓடினேன். சுவரோரம் வராமல் நடுவிலேயே வட்டம் போட்டு, தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சு இரைக்க, பள்ளிக்கூடத்தை விட்டபின் முதல்முறையாக ஓடினேன். கீழே படிக்கட்டின் அடியில் அம்மா நிற்பாள். பாங்குக்கு முன்னால், "போதும், வா" என்பாள். அவள் ஒருநாளும் மேலே ஏறிவந்ததில்லை.

அந்த ஒரு மணி நேரம் என் மொத்த நாளையும் தாங்கியது. ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தால் அதன் பலன் வந்துதானே ஆகும். தினமும் ஓடி, தின்று, தூங்கிய மெயிலு மாதங்கள் போகப் போக அடங்கியது. கதவைக் கீறுவதில்லை, பானையைத் தள்ளுவதில்லை. உடம்பு பளபளவென்று தேறி, மாடிப்பொழுது தவிர மற்ற நேரமெல்லாம் அரிசி புடைக்கும் சுளகில் சுருண்டு தூங்கியது. வீட்டார் மெச்சினார்கள். நான் மட்டும் அது எப்போது எழும் என்று சுளகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை அடங்கிவிட்டால் மாடி எதற்கு?

அந்தக் கேள்வி ரமலான் மாதத்தில் வந்தது. நோன்பு நாளில் அத்தா மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார். மெயிலின் தூக்கத்தை நாள் தவறாமல் பார்த்தார். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, சுளகில் கிடந்ததைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"மெயிலு பாசஞ்சராப் போச்சே. இனிமே இதுக்கு மாடி என்னத்துக்கு? பெருநாளுக்குப் பெற பாக்குற நாளு வருது, எல்லா மாடியிலயும் ஆம்பளைக நிப்பாக. சாவியக் குடு."

அம்மா நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என் அம்மா நோன்பு வைத்தால் வீட்டில் புறம் பேச முடியாது, விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல முடியாது. பட்டினி கிடப்பது மட்டும் நோன்பில்லை, நாக்கும் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே பூனை தன் வெள்ளை வால் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அது ஆடுன ஆட்டம் ஒங்களுக்குத் தெரியுமா? காலைல இருந்து என்னையப் போட்டுப் படுத்திருச்சு. மாடிக்கு ஏறலைன்னா இந்த வீட்டுல குடியிருக்க முடியாது."

காலையிலிருந்து அது அசையவே இல்லை. அத்தா சுளகைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "சரி, பெற பாக்குற அன்னைக்கு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். சாவி அம்மாவிடமே இருந்தது. அவர் தெருவில் இறங்கியதும் அம்மா எழுந்து, தூங்குகிற மெயிலை இரண்டு கையாலும் அள்ளி என் தோளில் சாத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் என்று சொல்லவும் வழி உண்டு. "போ, பாங்குக்குள்ள வந்துரு" என்றாள். அன்று மாடியில் மெயிலு என் மடியில் தூங்கியது. நான் மட்டும் ஓடினேன்.

பெருநாள் கழிந்து சில வாரங்களில் அம்மா மறுபடி நோன்பு வைத்திருந்தாள். விட்டுப்போன நோன்புகளைப் பெண்கள் பிறகு வைப்பது வழக்கம்தான். ஆனால் அவள் விட்டதையெல்லாம் ஏற்கெனவே வைத்து முடித்துவிட்டாள் என்பது கூடவே விடியுமுன் எழுந்து சஹர் வைத்த எனக்குத் தெரியும். ஏனம்மா என்று கேட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டே, "ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள். அது அந்த வெங்காயம் அரிந்த நாளின் பாக்கி என்று எனக்குப் புரிந்தது.

சில வருஷங்களில் வேடசந்தூரில் ஒரு வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனேன். மெயிலு அம்மாவோடு இருந்து, கிழடாகி, ஒருநாள் அந்தச் சுளகிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்று அந்த வீடு இல்லை. இடித்துக் கடைகளாகக் கட்டிவிட்டார்கள். கிட்டங்கி இல்லை, புறாக்கூண்டு இல்லை, புகைவிடும் எஞ்சினும் இல்லை. அத்தாவும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். என் பேத்தி கல்லூரி முடித்து ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை, எப்போது வருவாய் என்றுதான் கேட்கிறேன். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலும் மாடி உண்டு. கதவே பூட்டுவதில்லை. முழங்கால் வலியோடு நான்தான் சாயங்காலம் ஏறிப்போய் நிற்கிறேன்.

அங்கே நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்வேன். அம்மாவும் ஒரு காலத்தில் பெரியவளாகி ஒரு வீட்டுக்குள் அடைந்தவள்தான். அது எந்தத் தெரு, அங்கே மாடி இருந்ததா, ஓட வேண்டும் என்று அவளுக்குக் கால் துடித்ததா, அவளுக்காக யாராவது ஒரு பொய் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடிப்படியில் மட்டும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை வருஷமும் அவள் கீழேயே நின்றாள்.